மெயினுக்கு முன்னாலேயே தடம் புரளும் புரோகிராம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வணக்கம் அண்ணா. கோயம்புத்தூரில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை செய்கிறேன். போர் மோட்டாரை செல்போனில் இருந்தே ஓட்டவும் நிறுத்தவும் ஒரு ஸ்டார்ட்டர் செய்கிறோம். உள்ளே கார்டெக்ஸ் எம்3 சிப், புரோகிராம் சி++ல். அதே கோட், அதே கம்பைலர். என் லேப்டாப்பில் பில்டு செய்து ஏற்றினால் நன்றாக ஓடுகிறது, ஆபீஸ் கம்ப்யூட்டரில் பில்டு செய்து ஏற்றினால் சிம் மோடம் வாயே திறப்பதில்லை. கிராஷ் ஆவதில்லை, போர்டில் லைட் எரிகிறது, மோடம் மட்டும் ஊமை. கான்ஃபிக் என்ற ஃபைலில் செட்டிங்ஸ் குளோபலாக இருக்கிறது, மோடம் என்ற ஃபைலில் மோடம் ஆப்ஜெக்ட். மோடத்தின் கன்ஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்ட் உருவாகும்போது தானாக ஓடும் ஃபங்ஷன்) செட்டிங்ஸில் இருந்து பாட் ரேட்டை (மோடத்தோடு பேசும் வேகம்) எடுத்து, கிளாக்கை அதால் வகுத்து வைத்துக்கொள்ளும், மெயினுக்குள் பிகின் என்று கூப்பிடும்போது அதை ரெஜிஸ்டரில் எழுதும். மேக்ஃபைலில் (பில்டு செய்யும் மேக் என்ற புரோகிராமுக்கான குறிப்பு ஃபைல்) பெயர்களைத் தனித்தனியாக எழுதாமல் வைல்டுகார்டு போட்டுத்தான் எல்லா ஃபைலையும் எடுக்கிறோம். லேப்டாப்பில் உபுண்டு 22.04, ஆபீஸில் 20.04. இன்னொன்று, சும்மா இருக்கட்டும் என்று மோடம் ஃபைலின் பெயரை ஜிஎஸ்எம் என்று மாற்றினேன், ஆபீஸ் பில்டும் ஓடிவிட்டது! லிங்கரில்தான் பக், வெர்ஷனை மாற்று என்கிறார் எங்கள் சீனியர். மாற்றலாமா?
– வாசகி, சூலூர்

பதில்: மாற்ற வேண்டாம் அம்மணி. பெயரை மாற்றியதும் சரியானது என்று போகிற போக்கில் எழுதினீர்களே, உங்கள் கடிதத்தில் அந்த வரிதான் எனக்கு வழி காட்டியது. ஃபைலுக்குள் ஒரு எழுத்தும் மாறவில்லை, பெயர் மட்டும் மாறியது, அதற்கே புரோகிராமின் நடத்தை மாறுகிறது என்றால் எங்கோ வரிசை மாறியிருக்கிறது என்று அர்த்தம். கம்பைல் ஆன ஃபைல்களை ஒட்டி ஒரே புரோகிராமாக்குவதுதான் லிங்கரின் வேலை, அது தவறு செய்யவில்லை. நீங்கள் கொடுத்த வரிசையில் அது அடுக்கியது, அந்த வரிசை இரண்டு கம்ப்யூட்டரிலும் வேறு வேறு.

நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது புரியாமல் பேட்ச் போட்டால் ஆறு மாதத்தில் திரும்ப வரும். குளோபலாக ஒரு ஆப்ஜெக்ட் வைத்து அதற்குக் கன்ஸ்ட்ரக்டர் ஓட வேண்டும் என்றால், கம்பைலர் அந்த ஃபைலுக்கென்று ஒரு சின்ன ஃபங்ஷனை எழுதி அதன் முகவரியை இனிட் அரே என்ற செக்‌ஷனில் போட்டு வைக்கும், ஒவ்வொரு ஆப்ஜெக்ட் ஃபைலிலும் இப்படி ஒன்று இருக்கும். லிங்கர் வந்து இந்தத் துண்டுகளை எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக ஒட்டி ஒரே பட்டியலாக்குகிறது. எந்த வரிசையில்? கமாண்டில் ஃபைல்கள் வந்த வரிசையில். சிப்பில் கரண்ட் வந்ததும் ஸ்டார்ட்அப் கோட் இந்தப் பட்டியலை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு முடித்துவிட்டுத்தான் மெயினுக்குள் போகும். ஒரே ஃபைலுக்குள் இருக்கும் குளோபல்கள் எழுதிய வரிசையில் உயிர் பெறும் என்று சி++ உறுதி தருகிறது, ஒரு ஃபைலுக்கும் இன்னொரு ஃபைலுக்கும் இடையே எது முதலில் என்று அது எந்த உறுதியும் தருவதில்லை.

இப்போது உங்கள் மோடத்துக்கு வருவோம். செட்டிங்ஸ் முதலில் எழுந்தால் பாட் ரேட் 9600, உங்கள் கிளாக் 72 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால் வகுத்தால் 7500, ரெஜிஸ்டருக்கு அதுதான் போக வேண்டும். மோடம் முதலில் எழுந்துவிட்டால்? செட்டிங்ஸ் இன்னும் தூங்குகிறது. ஆனால் அதன் இடத்தில் குப்பை இருக்காது, கன்ஸ்ட்ரக்டர்கள் தொடங்குவதற்கு முன்பே ஸ்டார்ட்அப் கோட் அந்த மெமரி முழுவதையும் சுழியமாக்கி வைத்திருக்கும். ஆக பாட் ரேட் 0. 72,000,000 வகுத்தல் 0. லேப்டாப்பில் ஓடும் சாதாரண புரோகிராமாக இருந்தால் அங்கேயே விழுந்து சத்தம் போட்டிருக்கும், நீங்களும் பத்து நிமிடத்தில் பிடித்திருப்பீர்கள். கார்டெக்ஸ் எம்3 அப்படியில்லை. முழு எண்ணைச் சுழியத்தால் வகுத்தால் தப்பு என்று நிறுத்தும்படி ஒரு பிட்டை நீங்களாக ஆன் செய்யாத வரை, அது விடை 0 என்று கொடுத்துவிட்டு அமைதியாக அடுத்த வரிக்குப் போய்விடும். அந்த 0ஐ மெயினில் நீங்கள் ரெஜிஸ்டரில் எழுதினீர்கள், மோடம் ஊமையாகிவிட்டது. தயவுசெய்து அந்த பிட்டை இன்றைக்கே ஆன் செய்யுங்கள். இந்த பக் போனாலும் அது இருக்கட்டும்.

ஆபீஸில் மட்டும் ஏன்? காரணம் மேக். வைல்டுகார்டு கொடுக்கும் பட்டியலை குனு மேக் ரொம்ப நாளாக அகர வரிசையில்தான் தந்துகொண்டிருந்தது, 3.82 வெர்ஷனில் அதை நிறுத்தினார்கள், 2020ல் வந்த 4.3ல் திரும்பக் கொண்டுவந்தார்கள். உபுண்டு 22.04ல் இருப்பது 4.3, 20.04ல் இருப்பது 4.2.1. உங்கள் லேப்டாப்பில் ஆங்கில அகர வரிசைப்படி சி முன்னால், எம் பின்னால், கான்ஃபிக் முதலில் வந்தது, பிழைத்தது. ஆபீஸில் ஃபைல் சிஸ்டம் எந்த வரிசையில் பெயர்களைக் கொடுத்ததோ அதே வரிசைதான். அது எக்ஸ்ட்4ஆக இருந்தால் டைரக்டரியில் பெயர்களை ஹாஷ் செய்து (கணக்குப் போட்டு ஒரு எண்ணாக மாற்றி) அந்த ஹாஷ் வரிசையில் தரும், அந்த ஹாஷுக்கான விதை எண் ஒவ்வொரு டிஸ்க் பார்ட்டிஷனுக்கும் வேறு. பெயரை மாற்றினீர்கள், ஹாஷ் மாறியது, தற்செயலாக கான்ஃபிக்கிற்குப் பின்னால் போய் விழுந்தது. நாளைக்கு ஆபீஸ் டிஸ்க்கை ஃபார்மேட் செய்தால் மறுபடியும் முன்னால் வந்தாலும் வரலாம்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், கண்ணால் பாருங்கள். லிங்க் செய்யும்போது மேப் ஃபைல் எழுதச் சொல்லி இரண்டு கம்ப்யூட்டரிலும் ஒன்று எடுங்கள். அதில் இனிட் அரே என்று தேடினால் எந்த ஆப்ஜெக்ட் ஃபைலின் துண்டு எதற்குப் பிறகு என்று வரிசையாக இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்கள் சீனியரிடம் வாதம் செய்யவே தேவையில்லை.

சரி, எப்படித் திருத்துவது? மேக்ஃபைலில் வைல்டுகார்டைச் சுற்றி சார்ட் என்று ஒரு வார்த்தை போட்டால் இன்றைக்கே ஓடும், ஆனால் அதை முதலில் செய்யாதீர்கள் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். அது வியாதியை மறைக்கும். செட்டிங்ஸ் எழுந்த பிறகுதான் மோடம் எழ வேண்டும் என்ற விஷயம் ஃபைல் பெயரின் முதல் எழுத்தில் ஒளிந்திருக்கக் கூடாது, கோடில் படிக்கிறவர் கண்ணில் பட வேண்டும். உங்களைப் போல சிப்புக்கு எழுதுகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது ஒரே வழிதான். கன்ஸ்ட்ரக்டரில் வேலை எதுவும் வைக்காதீர்கள், வகுத்தல் உட்பட எல்லாவற்றையும் பிகின் ஃபங்ஷனுக்குள் கொண்டுபோங்கள், மெயினில் முதல் வரி செட்டிங்ஸின் பிகின், அடுத்த வரி மோடத்தின் பிகின், அதற்குள் செட்டிங்ஸையே கையில் கொடுத்துவிடுங்கள். புதிதாக வேலைக்குச் சேரும் பையன்கூட படித்தவுடன் புரிந்துகொள்வான். அப்புறம் இன்னொரு லாபம், கிளாக் செட்டிங் எல்லாம் பொதுவாக மெயினுக்குள்தான் நடக்கிறது, அதற்கு முன்னால் ஓடும் கன்ஸ்ட்ரக்டர் ஹார்டுவேரைத் தொட்டால் அது தனி வம்பு, அந்த வம்பும் இதோடு தீர்ந்துவிடும்.

குளோபல் இல்லாமல் முடியாது, எங்கிருந்து வேண்டுமானாலும் கூப்பிட வேண்டும் என்றால் ஒரு ஃபங்ஷன் எழுதி அதற்குள் ஸ்டாட்டிக்காக ஆப்ஜெக்டை வைத்து அதைத் திருப்பிக் கொடுங்கள். முதல் முறை யார் கூப்பிடுகிறார்களோ அப்போதே அது உயிர் பெறும், வரிசைச் சண்டையே இல்லை. மாறவே மாறாத எண்கள் என்றால் கான்ஸ்ட்எக்ஸ்பிஆர் போடுங்கள், அந்த மதிப்பு பில்டு செய்யும்போதே பதிந்துவிடும், ஓடுவதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது. சி++20 இருந்தால் கான்ஸ்டினிட் என்ற வார்த்தையும் இருக்கிறது. ஓடும்போது கன்ஸ்ட்ரக்ட் செய்ய வேண்டிய நிலை வந்தால் கம்பைலரே பில்டை நிறுத்திவிடும், ஜிசிசி கம்பைலரின் 10ஆம் வெர்ஷனில் இருந்து வேலை செய்கிறது.

திருத்தி முடித்ததும் ஒரு சோதனை. ஆப்ஜெக்ட் ஃபைல்களின் பட்டியலை வேண்டுமென்றே தலைகீழாகக் கொடுத்து லிங்க் செய்து போர்டில் ஏற்றுங்கள். அப்போதும் மோடம் பேசினால் இந்த வியாதி போய்விட்டது என்று நிம்மதியாக இருக்கலாம். எல்எல்டி லிங்கர் வைத்திருப்பவர்களுக்கு ஷஃபிள் செக்‌ஷன்ஸ் என்ற ஆப்ஷனே உண்டு, இனிட் அரேக்கு –1 கொடுத்தால் அது வரிசையைத் திருப்பிப் போட்டுவிடும். ஹார்டுவேர் தொடாத பகுதியை லினக்ஸிலேயே கம்பைல் செய்ய முடிந்தால் மெமரித் தவறுகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரைப் போட்டு, செக் இனிஷியலைசேஷன் ஆர்டர் என்பதையும் ஸ்ட்ரிக்ட் இனிட் ஆர்டர் என்பதையும் ஆன் செய்து ஓட்டுங்கள். இரண்டாவதை விட்டுவிடாதீர்கள், இன்றைக்கு அதிர்ஷ்டவசமாகச் சரியான வரிசையில் ஓடும் இடங்களையும் அதுதான் காட்டிக்கொடுக்கும். இத்தனையும் முடிந்த பிறகு மேக்ஃபைலில் சார்ட் போடுங்கள், இரண்டு கம்ப்யூட்டரிலும் ஒரே வரிசையில் லிங்க் ஆவது நல்லதுதான்.

இவ்வளவு நீளமாக எழுதியதற்கு ஒரு காரணம் உண்டு. உங்கள் ஸ்டார்ட்டரை வாங்குகிறவர் தோட்டத்துச் சாளையில் இருந்து அரை மைல் தள்ளி இருக்கும் போருக்கு, ராத்திரி த்ரீ பேஸ் வரும் நேரத்தில் பூச்சி பொட்டு இருக்குமே என்ற பயத்தோடு டார்ச் அடித்து நடக்க முடியாமல்தான் அதை வாங்குகிறார். மோடம் ஊமையானால் அவர் மறுபடியும் நடக்க வேண்டும்.

கேள்வி: ஐயா, பவர்லூம் தறிக்கு எலக்ட்ரானிக் கண்ட்ரோல் போர்டு செய்கிறோம். இதே மாதிரி வரிசைப் பிரச்சினை வந்தது. இனிட் பிரயாரிட்டி என்ற ஆட்ரிபியூட்டைப் பார்த்து ஒன்றுக்கு 101, இன்னொன்றுக்கு 102 என்று போட்டேன். கொஞ்சமும் மாறவில்லை, 102தான் முதலில் ஓடுகிறது. லிங்கர் ஸ்கிரிப்ட் (எந்தத் துண்டு எங்கே போக வேண்டும் என்று லிங்கருக்குச் சொல்லும் ஃபைல்) நாங்களே எழுதியது, இனிட் அரே இடத்தில் கீப் என்று போட்டு நட்சத்திரக் குறியோடு ஒரே வரி இருக்கிறது.
– வாசகர், பள்ளிபாளையம்

பதில்: அந்த ஒரே வரிதான் காரணம். நீங்கள் 101 என்று எழுதினால் கம்பைலர் செய்வது இவ்வளவுதான்: அந்தத் துண்டை சாதாரண இனிட் அரேயில் போடாமல், பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து 00101 என்று எண் ஒட்டிய தனி செக்‌ஷனில் போடுகிறது. அந்த எண்ணைப் பார்த்து அடுக்குவது லிங்கர் ஸ்கிரிப்ட்டின் பொறுப்பு. பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்தில் நான்கு மண்டலம் பிரித்து முறை வைத்துத்தானே தண்ணீர் விடுகிறார்கள், மதகைத் திறக்கிறவர் முறைப் பட்டியலைப் பார்க்காமலே திறந்தால் எந்த மண்டலம் என்று எழுதி வைத்து என்ன பயன், அதேதான் இங்கேயும். உங்கள் ஸ்கிரிப்ட் எண் இருப்பதையும் இல்லாததையும் ஒரே நட்சத்திரத்தில் அள்ளி வந்த வரிசையில் கொட்டிவிடுகிறது.

அதை இரண்டு வரியாகப் பிரியுங்கள். முதல் வரியில் எண் ஒட்டிய செக்‌ஷன்கள் மட்டும், சார்ட் பை இனிட் பிரயாரிட்டி என்ற வார்த்தைக்குள். இரண்டாவது வரியில் எண் இல்லாத சாதாரண இனிட் அரே. இரண்டுக்கும் கீப் இருக்கட்டும், பயன்படாத செக்‌ஷன்களைக் கழிக்கச் சொல்லி லிங்க் செய்யும்போது இவற்றை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை என்று தூக்கிப் போட்டுவிடக் கூடாது. வெறும் சார்ட் என்று போட்டாலும் வேலை செய்யும், எண்கள் ஐந்து இலக்கமாக முன்னால் சுழியம் வைத்தே வருவதால் பெயர் வரிசையும் எண் வரிசையும் ஒன்றுதான். சிறிய எண் முதலில் ஓடும். 101ல் இருந்து 65535 வரை உங்களுடையது, 100 வரை கம்பைலர் தரப்புக்கு ஒதுக்கியது, அதைத் தொடாதீர்கள்.

பழைய கோடை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. இனிட் அரே வருவதற்கு முன் சிடார்ஸ் என்ற செக்‌ஷன் இருந்தது, அந்தப் பட்டியலைக் கடைசியில் இருந்து மேலே வந்து ஓட்டுவார்கள். 2012ல் வந்த ஜிசிசி 4.7 லினக்ஸில் இனிட் அரேக்கு மாறியபோது ஃபைல்களுக்கு இடையிலான வரிசை அப்படியே தலைகீழானது. அதுவரை வரிசையை நம்பி ஓடிக்கொண்டிருந்த புரோகிராம்கள் மாட்டிக்கொண்டன. பத்து வருடம் ஓடியது என்பதால் சரியான கோட் என்று எண்ண வேண்டாம்.

எண் போடும் வழியை நான் விரும்புவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு 101, 102. நாளைக்கு இன்னொருவர் நடுவில் நுழைக்க வேண்டி 150 என்பார், ஒரு வருடத்தில் எந்த எண் எதற்கு என்று யாருக்கும் நினைவிருக்காது. இரண்டு ஃபைலில் ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டால் மறுபடியும் லிங்க் வரிசைதான் தீர்மானிக்கும். ஸ்கிரிப்ட்டைத் திருத்துங்கள், அது கட்டாயம். திருத்தியதும் மேலே சூலூர் வாசகிக்குச் சொன்ன பிகின் முறைக்கு மெல்ல மாறுங்கள்.

கேள்வி: சார், நான் கோபியில் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். புரோகிராம் மெயினில்தான் தொடங்கும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அப்படியானால் மெயினுக்கு முன்னால் எப்படி ஒன்று ஓட முடியும்?
– மாணவர், கோபிசெட்டிபாளையம்

பதில்: நீங்கள் எழுதியது மெயினில் தொடங்குகிறது தம்பி, புரோகிராம் அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. லினக்ஸில் ஸ்டார்ட் என்ற இடத்தில்தான் முதல் அடி, அங்கிருந்து சி லைப்ரரிக்குள் போய் இனிட் அரே பட்டியலை முடித்துவிட்டு உங்கள் மெயினைக் கூப்பிடும். சிப் என்றால் ரீசெட் ஹேண்ட்லர் முதலில், அது ஆரம்ப மதிப்புள்ள குளோபல்களை ஃபிளாஷில் இருந்து ரேமுக்கு நகலெடுத்து, மதிப்பில்லாதவற்றைச் சுழியமாக்கி, கன்ஸ்ட்ரக்டர்களை ஓட்டி, அப்புறம் மெயின். மெயின் ஒன்றும் இல்லாமல் காலியாக வைத்து, குளோபல் ஆப்ஜெக்ட் ஒன்றின் கன்ஸ்ட்ரக்டரில் உங்கள் பெயரை பிரிண்ட் செய்து பாருங்கள். ஜிடிபி என்ற டீபக்கர் தெரிந்தால் அந்தக் கன்ஸ்ட்ரக்டரில் பிரேக்பாயிண்ட் வைத்து பேக்டிரேஸ் எடுங்கள், யார் யாரைக் கூப்பிட்டு அங்கே வந்தார்கள் என்று தெரியும், அந்தப் பட்டியலில் மெயின் இருக்காது.

கேள்வி: டெக்ஸ்டைல் எக்ஸ்போர்ட் ஆபீஸுக்கு ரிப்போர்ட் எடுக்கும் புரோகிராம், லினக்ஸில் ஓடுகிறது. ஒவ்வொரு ரிப்போர்ட் வகையும் தன் ஃபைலில் ஒரு குளோபல் ஆப்ஜெக்ட் வைத்துத் தன்னைப் பட்டியலில் பதிந்துகொள்ளும். எல்லாவற்றையும் ஒரு ஸ்டாட்டிக் லைப்ரரியாக மாற்றினோம், பாதி ரிப்போர்ட் காணவில்லை. எர்ரரும் இல்லை.
– வாசகர், கரூர்

பதில்: உங்களுக்கு வரிசை மாறவில்லை, அந்தக் கன்ஸ்ட்ரக்டர்கள் புரோகிராமுக்குள்ளேயே வரவில்லை. ஸ்டாட்டிக் லைப்ரரி என்பது ஆப்ஜெக்ட் ஃபைல்களைக் கட்டி வைத்த மூட்டை. லிங்கர் மூட்டையைப் பிரித்து, இதுவரை யாரோ கேட்டு இன்னும் கிடைக்காத பெயர் எந்த ஃபைலில் இருக்கிறதோ அதை மட்டும் வெளியே எடுக்கும். உங்கள் ரிப்போர்ட் ஃபைல்களில் இருந்து யாரும் எதையும் பெயர் சொல்லிக் கேட்கவில்லை, அவை தாமாகப் பதிந்துகொள்ளும் என்றுதானே எழுதியிருக்கிறீர்கள், அதனால் லிங்கர் அவற்றை எடுக்கவில்லை. வந்த பாதி, வேறு ஏதோ காரணத்துக்காக அந்த ஃபைலில் இருந்த இன்னொரு ஃபங்ஷனைக் கேட்டதால் வந்தவை.

ஹோல் ஆர்க்கைவ் என்ற ஆப்ஷனை அந்த லைப்ரரிக்கு முன்னாலும் நோ ஹோல் ஆர்க்கைவ் என்பதைப் பின்னாலும் போட்டால் மூட்டை முழுவதும் உள்ளே வரும். பின்னால் போட மறந்தால் அடுத்து வரும் லைப்ரரிகளும் முழுசாக உள்ளே வந்துவிடும், கவனம். சிமேக் பயன்படுத்தினால் லைப்ரரிக்கு பதிலாக ஆப்ஜெக்ட் லைப்ரரி என்று வையுங்கள், மூட்டையே கட்டாமல் ஃபைல்கள் நேராகப் போகும். என்னைக் கேட்டால் இருபது ரிப்போர்ட்தான் என்றால் ஒரு ஃபங்ஷனில் இருபது வரியாகப் பதிந்துவிடுவேன், மாதம் ஒரு வரி சேர்ப்பது பெரிய வேலை இல்லை.

கடைசியாக ஒன்று, பதியும் பட்டியலையும் குளோபலாக வைத்திருந்தால் அது ரிப்போர்ட்டுகளுக்குப் பின்னால் எழுந்து, அதுவரை பதிந்ததை எல்லாம் காலியாக்கிவிடும் வாய்ப்பு இருக்கிறது. அந்தப் பட்டியலை ஃபங்ஷனுக்குள் ஸ்டாட்டிக்காக மாற்றிவிட்டு பிறகு லிங்க் ஆப்ஷனைத் தொடுங்கள்.